ஒரு தரம் மட்டும் தெரியும் செய்தி

கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ஒரு வீட்டு முன்னறையில் நாங்கள் ஒரு சின்ன நூலகம் நடத்துகிறோம். ஆயிரத்துச் சொச்சம் புத்தகம், இரண்டு அலுமாரி, ஒரு பழைய லெப்டொப். அப்பியாசக் கொப்பியில் எழுதிவந்த இரவல் கணக்கை இணையச் செயலியாக மாற்றுவோம் என்று ஒரு மழைக்கால விடுமுறையில் உட்கார்ந்தோம். ஃப்ளாஸ்க் என்ற பைதான் சட்டகத்தில் இரண்டு வாரத்தில் வேலை முடிந்தது. நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் ஓய்வுபெற்ற டீச்சரிடம் கொடுத்துவிட்டுப் பெருமையாக வீட்டுக்குப் போனோம்.

மறுநாள் போய்ப் பார்த்தால் ஒரே புத்தகம் ஒரே பிள்ளையின் பெயரில் ஏழு தரம் பதிவாகியிருந்தது.

"என்ன டீச்சர், ஏழு தரம் அமுக்கியிருக்கீங்க?"

"நான் என்ன தம்பி செய்றது? அமுக்கினேன், ஒன்னுமே சொல்லல. திரும்ப அமுக்கினேன், அப்பவும் ஒன்னும் சொல்லல. அது பேசாம இருந்தா நான் எப்படி நம்புறது?"

எங்களிடம் பதில் இல்லை. செயலி தன் வேலையை ஏழு தரமும் ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. செய்ததை ஒரு தரம்கூடச் சொல்லவில்லை. தபால் கந்தோரில் பதிவுத் தபால் போட்டால் ஒரு துண்டு தருகிறார்கள். கோவிலில் அர்ச்சனைக்குக் காசு கட்டினால் ஒரு துண்டு. பஸ்ஸில் ஏறினால் டிக்கெட். நடந்தது நடந்தது என்று சொல்லும் ஒரு சின்னத் தாள் இல்லாமல் நம் ஊரில் எந்த வேலையும் முடிவதில்லை. எங்கள் செயலியில் அந்தத் துண்டு இல்லை.

இணைய நிரலாளர்கள் அந்தத் துண்டுக்கு வைத்த பெயர் 'ஃப்ளாஷ் மெசேஜ்'. 'சேமிக்கப்பட்டது', 'கடவுச்சொல் பிழை' என்று பக்கத்தின் மேலே பச்சையிலோ சிவப்பிலோ ஒரு தரம் வந்து, அடுத்த பக்கம் போனதும் மறைந்துவிடும் வரி. (பழைய அனிமேஷன் மென்பொருளான அடோபி ஃப்ளாஷுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) எங்கள் பிழையைத் திருத்த இரண்டு வரி நிரல் போதுமாக இருந்தது. ஆனால் அந்த இரண்டு வரிக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. அதைத் தேடிப் போனோம்.

ஞாபகம் இல்லாத இணையம்

சேர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையை உருவாக்கியபோது நோக்கம் எளிமையானது: ஆய்வாளர்கள் ஒருவர் ஆவணத்தை மற்றவர் வாசிக்க வேண்டும். உலாவி ஒரு பக்கத்தைக் கேட்கும், சேவையகம் கொடுக்கும், கொடுத்த கையோடு கேட்டவரை மறந்துவிடும். கண்டி ரயில் நிலையத்து டிக்கெட் ஜன்னல் மாதிரி. முன்னால் நிற்பவருக்குப் பேராதனைக்கு ஒன்று கொடுத்ததும் அவர் முகம் மறந்துபோகும். அவரே இரண்டு நிமிஷம் கழித்துத் திரும்பி வந்தாலும் புது ஆள்தான். எச்.டி.டி.பி. என்ற நெறிமுறை அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. வாசிப்பதற்கு மட்டும் என்றால் இது நல்ல வடிவமைப்பு. ஞாபகம் வைக்கத் தேவையில்லாததால் சேவையகம் இலகுவாக இருக்கும்.

1993 அளவில் வலைப்பக்கங்களில் படிவங்கள் வந்தன. அதுவரை வாசித்துக்கொண்டிருந்தவர் இப்போது எழுதவும் தொடங்கினார். சிக்கல் அங்கேதான் ஆரம்பம். படிவத்தை நிரப்பி அனுப்பினால் சேவையகம் அதைப் பதிந்துவிட்டு, 'நன்றி, கிடைத்தது' என்று ஒரு பக்கத்தை அதே பதிலில் திருப்பி அனுப்பும். பயனர் அந்தப் பக்கத்தைப் புதுப்பித்தால் உலாவி மறுபடியும் அதே படிவத்தை அனுப்பும். ஒரு சட்டைக்கு இரண்டு ஓர்டர், ஒரு பில்லுக்கு இரண்டு தரம் காசு. 'தயவுசெய்து பட்டனை ஒரு தரம் மட்டும் அமுக்கவும், பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டாம்' என்ற வரியைப் பணம் கட்டும் பக்கங்களில் இன்றும் பார்க்கிறோம். தன்னால் செய்ய முடியாத வேலையைக் கணினி மனிதரிடம் தள்ளிவிட்ட வரி அது.

இதற்கான தீர்வு நெறிமுறைக்குள்ளேயே வந்தது. 1997இல் வெளியான எச்.டி.டி.பி. 1.1இல் 303 என்றொரு பதில் எண் சேர்ந்தது. 'உன் படிவம் கிடைத்தது, பதிலைப் பார்க்க அந்த முகவரிக்குப் போ' என்பது அதன் அர்த்தம். உலாவி புதிய முகவரிக்குப் போய்ச் சும்மா ஒரு பக்கத்தை வாசிக்கும். அதை எத்தனை தரம் புதுப்பித்தாலும் எதுவும் இரண்டாவது தரம் பதியாது. மைக்கேல் ஜூராவ்லெவ் என்பவர் 2004இல் இந்த முறையை விளக்கி எழுதிய கட்டுரை நிரலாளர்களிடையே பரவலானது. 'அனுப்பு, திருப்பிவிடு, வாசி' என்று மூன்று சொல்லில் சொல்லிவிடலாம்.

ஒரு பிரச்சினை தீர்ந்ததும் அடுத்தது வந்தது. படிவத்தை வாங்கியது ஒரு கோரிக்கை. பக்கத்தைக் காட்டுவது வேறொரு கோரிக்கை. இரண்டுக்கும் இடையில் ஞாபகம் கிடையாது. 'பதிந்தாச்சு' என்ற செய்தி முதல் கோரிக்கைக்குத் தெரியும், அதைக் காட்ட வேண்டியதோ இரண்டாவது. இந்த இடைவெளியை எப்படித் தாண்டுவது?

சிலர் செய்தியை முகவரியிலேயே ஒட்டி அனுப்பினார்கள். அந்த முகவரியை ஒருவர் சேமித்து வைத்து அடுத்த மாதம் திறந்தால், எதுவும் செய்யாமலே 'உங்கள் பணம் கிடைத்தது' என்று வரும். யாரோ ஒருவர் பொய்யான செய்தியை முகவரியில் எழுதி அனுப்பினால், நம்பகமான தளமே அதைச் சொல்வது போலத் தெரியும். ஆகவே அது சரிவரவில்லை.

கைகொடுத்தது குக்கி. நெட்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த லூ மொன்டுல்லி 1994இல் உருவாக்கியது. உலாவியின் சட்டைப்பையில் சேவையகம் போட்டுவைக்கும் துண்டு. அடுத்த தரம் வரும்போது உலாவி அதைக் காட்டும். அதை வைத்து ஒவ்வொரு பயனருக்கும் ஒரு 'அமர்வு' வைத்துக்கொள்ளலாம். 2000இல் வந்த பி.எச்.பி. 4 இந்த அமர்வு வசதியை மொழிக்குள்ளேயே கொண்டுவந்தது. திருப்பிவிடும் முன் செய்தியை அமர்வில் எழுது, அடுத்த பக்கத்தில் எடுத்துக் காட்டு, காட்டியதும் அழி. அழிக்க மறந்தால் 'சேமிக்கப்பட்டது' என்பது ஒவ்வொரு பக்கத்திலும் பேய் மாதிரி வந்து நிற்கும்.

சட்டகங்கள் பொறுப்பெடுத்த கதை

எல்லாரும் தனித்தனியாகக் கையால் எழுதிக்கொண்டிருந்த இந்த வேலையை ஒரு சொல்லாகச் சுருக்கிப் பிரபலமாக்கியது ரூபி ஒன் ரெயில்ஸ். டேவிட் ஹைன்மையர் ஹான்சன், பேஸ்கேம்ப் என்ற செயலியிலிருந்து பிரித்தெடுத்து 2004 ஜூலையில் வெளியிட்ட சட்டகம். அதில் 'ஃப்ளாஷ்' ஒரு சின்னப் பெட்டி. இந்தக் கோரிக்கையில் எதையாவது போட்டால் அடுத்த கோரிக்கையில் இருக்கும், அதற்கு அடுத்ததில் இருக்காது. நல்ல செய்திக்கு ஒரு பெயர், எச்சரிக்கைக்கு ஒரு பெயர். திருப்பிவிடாமல் இதே பக்கத்தில் காட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி.

2005இல் வெளியான ஜாங்கோ வேறு வழியில் போனது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில், லாரன்ஸ் என்ற ஊரின் பத்திரிகை அலுவலகத்தில் பிறந்த சட்டகம் அது. தொடக்கத்தில் செய்திகளைப் பயனரின் கணக்கோடு சேர்த்துத் தரவுத்தளத்தில் வைத்தது. கணக்கு வைத்து உள்ளே வந்தவருக்கு மட்டும்தான் செய்தி. வெறுமனே வந்து படிவம் நிரப்பியவருக்கு ஒன்றும் சொல்ல முடியாது. 2010 மே மாதம் வந்த 1.2 பதிப்பில் இதற்குப் பதிலாகப் புதிய செய்தி அமைப்பைக் கொண்டுவந்தார்கள். யாருக்கும் சொல்லலாம். ஐந்து தரம் உண்டு: சோதனை, தகவல், வெற்றி, எச்சரிக்கை, பிழை. முதலில் குக்கியில் வைக்கப் பார்க்கும், இடம் போதாவிட்டால் அமர்வில் வைக்கும்.

ரெயில்ஸுக்கும் ஜாங்கோவுக்கும் இடையில் கவனிக்க வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. ரெயில்ஸில் செய்தியின் ஆயுள் அடுத்த கோரிக்கை வரை. காட்டினாலும் காட்டாவிட்டாலும் அது போய்விடும். ஜாங்கோவில் ஏதாவதொரு பக்கம் அதை எடுத்துக் காட்டும் வரை காத்திருக்கும். ஒன்று நேரக் கணக்கு, மற்றது வாசித்த கணக்கு. இந்த வித்தியாசத்துக்குத் திரும்பி வருவோம்.

எங்கள் ஃப்ளாஸ்க் 2010 ஏப்ரலில் ஆர்மின் ரொனாகர் வெளியிட்டது. ஏப்ரல் முதலாம் தேதிப் பகிடி ஒன்றிலிருந்து வளர்ந்த சட்டகம். அதில் செய்தி போடும் கட்டளையின் பெயரே 'ஃப்ளாஷ்'. கெம்பஸ் புரொஜெக்டில் பலர் தொடும் லாரவெலிலும் இதே சொல்தான். அதற்குள் இது பொதுவழக்காகிவிட்டது. 2011 ஓகஸ்டில் வந்த ட்விட்டரின் பூட்ஸ்ட்ராப் இந்தச் செய்திகளுக்குப் பச்சை, மஞ்சள், சிவப்பு, நீலப் பெட்டிகளைத் தயாராகவே கொடுத்தது.

'சஹன' சொல்லும் பாடம்

இது எல்லாம் வெளிநாட்டுக் கதை என்று நினைத்தோம். பிறகுதான் நம் நாட்டுக் கிளை ஒன்று கண்ணில் பட்டது.

2004 டிசம்பர் 26 சுனாமி. கண்டி கடலிலிருந்து தூரம். ஆனாலும் உடுப்பும் அரிசியும் கட்டிக் கிழக்குக்கு அனுப்பிய கதையை வீட்டுப் பெரியவர்கள் இன்றும் சொல்வார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் போன அந்த நாட்களில், யார் காணாமல் போனார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த நிறுவனம் எங்கே உதவுகிறது என்று பதிய ஒரு மென்பொருள் தேவைப்பட்டது. சஞ்சீவ வீரவரண தொடங்கிய லங்கா சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷனைச் சுற்றியிருந்த தொண்டர்கள், இரவு பகலாக பி.எச்.பி.யில் எழுதியதுதான் 'சஹன'. சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். திறமூல மென்பொருளாக விடப்பட்டதால் 2005 பாகிஸ்தான் நிலநடுக்கம், 2006 பிலிப்பைன்ஸ் மண்சரிவு என்று நாடு விட்டு நாடு போனது. 2006க்கான சமூகப் பயன் விருதை ஃப்ரீ சொஃப்ட்வெயார் ஃபவுண்டேஷன் அதற்கே கொடுத்தது.

பின்னாளில் 'சஹன ஈடன்' என்ற புதிய வடிவம் பைதானில் எழுதப்பட்டு, 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தின்போது பயன்பட்டது. அது நிற்பது வெப்2பை என்ற சட்டகத்தின் மேல். சிக்காகோவின் டிபோல் பல்கலைக்கழகத்தில் மாசிமோ டி பியேரோ மாணவர்களுக்குக் கற்பிப்பதற்காக 2007இல் தொடங்கியது. வெப்2பையில் ஃப்ளாஷ் இரண்டு வகை: இதே பக்கத்தில் காட்ட ஒன்று, திருப்பிவிட்ட பிறகு காட்ட ஒன்று. செய்தியை மொழிபெயர்க்க ஒற்றை எழுத்தில் ஒரு கட்டளையும் அதோடு உண்டு.

சஹன ஈடனின் நிரலைத் திறந்து பார்த்தபோது ஒரு விஷயம் எங்களைப் பிடித்து நிறுத்தியது. எல்லாவற்றுக்கும் பொதுவாகச் 'சேமிக்கப்பட்டது' என்று விடாமல், ஒவ்வொரு வகைப் பதிவுக்கும் தனித்தனிச் செய்தி எழுதியிருக்கிறார்கள். ஆளைச் சேர்த்தால் ஆள் சேர்ந்தது என்று சொல்லும், தங்குமிடத்தைச் சேர்த்தால் தங்குமிடம் சேர்ந்தது என்று சொல்லும். இது வெறும் அழகுக்கு இல்லை. தூக்கமில்லாமல் பதியும் ஒரு தொண்டர், எங்கள் டீச்சர் மாதிரி, சந்தேகத்தில் இரண்டு தரம் அமுக்கினால் காணாமல் போன ஒருவர் கணக்கில் இரண்டு பேராகிவிடுவார். நூலகத்தில் ஏழு பதிவு வந்தால் ஆறை அழிக்கலாம். அங்கே எது அசல், எது நகல் என்று யாரைப் போய்க் கேட்பது?

தமிழில் சொல்வது

எங்கள் செயலியில் செய்தியைத் தமிழில் எழுத உட்கார்ந்தபோது வேறு சிக்கல்கள் வந்தன.

முதலாவது இடம். யூ.டி.எஃப்-8 முறையில் ஆங்கில எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பைட். புள்ளியும் கொம்பும் காலும் தனிக் குறிகள். 'சேமிக்கப்பட்டது' என்ற ஒரு சொல் 15 குறி, அதாவது 45 பைட். ஃப்ளாஸ்க் இந்தச் செய்தியைக் குக்கியில்தான் வைக்கிறது. உலாவிகள் ஒரு குக்கிக்குக் கொடுக்கும் இடம் ஏறக்குறைய 4096 பைட். அதைத் தாண்டினால் செய்தி சத்தமில்லாமல் காணாமல் போகும் என்று ஃப்ளாஸ்கின் கையேடே எச்சரிக்கிறது. ஒரு வரிக்குப் பிரச்சினை இல்லை. படிவத்தில் பத்துப் பிழையை நீட்டி முழக்கித் தமிழில் சொல்லப் போனால், ஆங்கிலத்தில் ஓடும் நிரல் தமிழில் ஊமையாகலாம்.

இரண்டாவது வேற்றுமை. ஆங்கிலத்தில் பெயரை அப்படியே ஓர் இடத்தில் செருகிவிடலாம். தமிழில் 'க்கு' என்று நிரலில் எழுதிவைத்து முன்னால் பெயரைப் போட்டால் 'ராஜன்க்கு', 'கமலாக்கு' என்று வரும். ராஜனுக்கு, கமலாவுக்கு என்று மாற்ற ஒரு சின்ன இலக்கண இயந்திரமே எழுத வேண்டும். நாங்கள் வாக்கியத்தை மாற்றினோம். 'ராஜன்: புத்தகம் பதிஞ்சாச்சு.' பெயர் தனியே நின்றால் வேற்றுமை உருபு வேண்டாம்.

மூன்றாவது குரல். 'வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது' என்று யாரும் பேசுவதில்லை. கண்டிக் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் 'ஆச்சு' என்பார்கள். முடிஞ்சாச்சு, கட்டியாச்சு, பதிஞ்சாச்சு. வேலை நடந்து முடிந்தது என்று உறுதி சொல்ல நம்மிடம் இருக்கும் சொல் மூன்றே எழுத்து.

இதையெல்லாம்விடப் பெரியது இன்னொன்று. மும்மொழித் தளங்கள் பலவற்றில் மேலே இருக்கும் மெனு தமிழில் இருக்கும், படிவமும் தமிழில் இருக்கும். பட்டனை அமுக்கியதும் வரும் பதில் ஆங்கிலத்தில் வந்து நிற்கும். ஏன்? மொழிபெயர்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதை மொழிபெயர்க்கிறார். செய்திகளோ நிரலுக்குள்ளே ஒளிந்திருப்பவை. ஏதாவது நடந்தால்தான் வெளியே வரும். அதிலும் பிழைச் செய்திகள் அபூர்வமாக வருவதால் கடைசிவரை யார் கண்ணிலும் படாது. ஆனால் ஒருவருக்குத் தன் மொழி மிக அவசரமாகத் தேவைப்படும் இடம் அந்தப் பிழைச் செய்திதான். 1956இல் சிங்களம் மட்டும் என்று சட்டம் வந்த நாடு இது. 1987இல் 13ஆம் திருத்தம் தமிழும் ஆட்சிமொழி என்றது. பெயர்ப்பலகையில் தமிழ் ஏறிவிட்டது. பதிலில் தமிழ் வந்ததா என்பதை அமுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

அனுப்பியாச்சா, வாசிச்சாச்சா

பூட்ஸ்ட்ராப்பின் மஞ்சள், சிவப்புப் பெட்டிகளைப் பார்க்கும்போது மலைநாட்டுக்காரர்களுக்கு வேறொன்று நினைவுக்கு வரும். மழைக்காலத்தில் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் விடும் மண்சரிவு அறிவித்தல்கள். மஞ்சள் என்றால் விழிப்பாக இரு. செம்மஞ்சள் என்றால் கிளம்பத் தயாராக இரு. சிவப்பு என்றால் வெளியேறு. கண்டி மாவட்டத்தில் இந்த மூன்று நிறத்தையும் எல்லாரும் அறிவோம்.

2014 ஒக்டோபர் 29 காலையில் பதுளை மாவட்டம் கொஸ்லந்தையில் மீரியபெத்தைத் தோட்டத்து லயன்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. செய்தி எழுதப்பட்டது, அனுப்பப்பட்டது. அங்கே வாழ்ந்த மலையகத் தொழிலாளர்கள் வேறிடம் போகவில்லை. போக ஒரு வீடு அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை.

ஒரு நூலகச் செயலியின் செய்தியையும் அதையும் ஒப்பிடுவது பொருந்தாது என்று தெரியும். ஆனால் கேள்வி ஒன்றுதான்: ஒரு செய்தியின் கடமை எப்போது முடிகிறது? ரெயில்ஸ் மாதிரி, நேரம் போனதும் முடிந்ததா? ஜாங்கோ மாதிரி, பக்கத்தில் காட்டியதும் முடிந்ததா? ஜாங்கோவும்கூடத் திரையில் ஏற்றியதைத்தான் 'வாசித்ததாக' எடுத்துக்கொள்கிறது, மனிதர் வாசித்ததை அல்ல. இரண்டு ஜன்னல் திறந்திருந்தால் செய்தி தவறான ஜன்னலில் தோன்றி, யாரும் பார்க்காமலே மறையலாம். பார்வையில்லாதவர்களின் திரைவாசிப்பானுக்கு ஒரு மூலையில் எழும்பும் பெட்டி தெரியாது. இத்தகைய நிலைச் செய்திகளை அவர்களுக்கும் கேட்கச் செய்ய வேண்டும் என்ற விதி, 2018இல் வந்த இணைய அணுகல் வழிகாட்டியின் 2.1 பதிப்பில்தான் சேர்ந்தது. கைப்பேசிகளில் 'டோஸ்ட்' என்று ஒரு வகை உண்டு. சுட்ட பாண் துண்டு போல எழும்பி மறையும். ஆண்ட்ராய்டில் அதன் நீண்ட ஆயுளே மூன்றரை வினாடி.

திருத்திய செயலியோடு டீச்சரிடம் போனபோது நாங்களும் செய்தியை மூன்று வினாடிக்குத்தான் வைத்திருந்தோம். அழகாகத் தெரிந்தது. டீச்சர் திரையைப் பார்த்தார், மேசையில் தடவினார், திரும்பப் பார்த்தார்.

"என்னமோ வந்துச்சு தம்பி. நான் கண்ணாடிய எடுக்கிறதுக்குள்ள போயிருச்சு."

அன்றே மாற்றினோம். இப்போது செய்தி டீச்சர் 'சரி' என்று அமுக்கும் வரை நிற்கிறது. ஒரு தரம் அமுக்கியதும் பதியும் பட்டன் உறங்கிவிடும். பிழை என்றால் சிவப்பு நிறம் மட்டும் காட்டாமல் என்ன செய்ய வேண்டும் என்றும் தமிழில் சொல்கிறது. செய்தி மறைந்த பிறகும் சந்தேகம் தீர, அன்றைய இரவல் பட்டியல் பக்கத்தின் கீழே கிடக்கிறது. அதற்குப் பிறகு இரட்டைப் பதிவு வரவில்லை.

நம்மில் யாராவது அடுத்த செயலி எழுதும்போது ஒன்று செய்து பார்க்கலாம். முதல் பக்கத்தை வடிவமைக்கும் முன்பே, அது சொல்லப்போகும் பிழைச் செய்திகளை எல்லாம் ஒரு தாளில் தமிழில் எழுதி, வீட்டில் அம்மாவிடமோ தாத்தாவிடமோ வாசிக்கக் கொடுப்பது. 'இதுக்கு நான் இப்ப என்ன செய்யணும்?' என்று அவர்கள் திருப்பிக் கேட்டால், அந்த வரியை இன்னொரு தரம் எழுத வேண்டும்.